தரை சாய்கிறதா, கட்டும்போதே சாய்ந்ததா: அறிகுறியை வைத்து வீட்டை அளந்து பார்க்கும் வழி

தரை ஒரு பக்கம் இறங்கினாற்போல் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். புரட்டாசிக்கோ தீபாவளிக்கோ வீட்டைக் கழுவும்போது விரிசலை ஃபில்லர் வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் தெரிந்த பில்டர் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து காலால் நாலு தட்டு தட்டி, அஸ்திவாரமே போச்சு, அண்டர்பின்னிங் (அஸ்திவாரத்துக்கு அடியில் ஆழமாகத் தாங்கு கொடுப்பது) பண்ணியே ஆகணும் என்று தலை சுற்றும் தொகை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். இரண்டுமே அளக்காமல் எடுத்த முடிவு. அளப்பதற்கு ஒரு மதியமும், கூடப் பிடிக்க இன்னொரு ஆளும் போதும்.

ஒன்று மட்டும் முதலிலேயே தெளிவாக இருக்கட்டும். ஒரு தடவை அளந்தால் தரையின் இன்றைய வடிவம்தான் தெரியும். அது அசைகிறதா என்பது இரண்டாவது தடவை அளந்தால்தான் தெரியும். கான்கிரீட் தளம் எதுவும் முதல் நாளே துல்லிய மட்டத்தில் இருப்பதில்லை, 10, 15 மி.மீ. ஏற்றத்தாழ்வு போட்டவர் கைவேலையிலேயே வந்துவிடும். ஆக முதல் அளவைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், நிம்மதியும் அடைந்துவிடாதீர்கள்.

அளக்கும் முறை

உள்விட்டம் 10 மி.மீ. அளவில், உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் குழாய் 15 மீட்டர், ஒரு ஸ்டீல் அடிக்கோல், கொஞ்சம் சாயம் கலந்த தண்ணீர். கொத்தனார்கள் டியூப் லெவல் என்று சொல்வது இதைத்தான். தண்ணீர் நிரப்பியதும் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கவில்லையென்றால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது. குழாயில் பாதி வெயிலில் கிடந்தாலும் அளவு பொய் சொல்லும், அதனால் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். ஒரு முனை குறிப்புப் புள்ளியில், மறுமுனை அளக்கும் புள்ளியில். ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையிலும் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் என்று படித்து வித்தியாசத்தை எழுதுங்கள். குறிப்புப் புள்ளியில் 900, இங்கே 914 என்றால் இந்த இடம் 14 மி.மீ. தாழ்வு.

மட்டம் காட்டும் லேசர் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் விலை குறைந்த லேசர்களில் 10 மீட்டருக்கு 3 மி.மீ. வரை பிசகு சகஜம். அறையின் இரு முனைகளை டியூப்பாலும் லேசராலும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். லேசரை அடுத்த அறைக்கு மாற்றும்போது ஏற்கெனவே அளந்த புள்ளி ஒன்றை மறுபடி அளந்துதான் தொடர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு அறைக் கணக்கும் ஒட்டாது.

புள்ளிகள் ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டி அளக்காமல் ஒரு சாண் தள்ளி அளந்துகொள்ளுங்கள், ஓரத்தில் சிமென்ட் பிதுங்கியிருக்கும். அறை மூலைகள், கதவு நிலைகள், அறையின் நடு எதையும் விடக்கூடாது. ஒவ்வொரு புள்ளியும் எந்த டைலின் எந்த மூலை என்று போட்டோ எடுத்து வைத்தால் ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அடிக்கோலை வைக்க முடியும். ஹாலில் டைல், படுக்கையறையில் கார்ப்பெட் என்றால் கதவடியில் இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து கழித்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் முதல் புள்ளிக்குத் திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முழுவதையும் திரும்ப அளக்க வேண்டியதுதான், எரிச்சலாகத்தான் இருக்கும்.

குறிப்புப் புள்ளியை எங்கே வைப்பது? டர்பனின் சாட்ஸ்வொர்த் மாதிரி இடங்களில் சரிவில் நிற்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டித்தான் மனை சமன் செய்திருப்பார்கள். வெட்டிய பக்கம் பழைய மண், கொட்டிய பக்கம் புது மண். குறிப்புப் புள்ளி வெட்டிய பக்கத்தில் இருக்கட்டும். சமதரை வீடாக இருந்தால் விரிசல் எதுவும் இல்லாத மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

பந்து வைத்தால் தானாக உருளுகிறது

பந்து எவ்வளவு சரிவு என்று சொல்லாது, எந்தப் பக்கம் என்றுதான் சொல்லும். குளியலறையும் வராண்டாவும் தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்தே போட்டவை, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அளவுகளைத் தாளில் போட்டதும் இரண்டு கணக்கு. முதல் கணக்கு சாய்வு: வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எவ்வளவு இறக்கம். 9 மீட்டர் நீளத்தில் 36 மி.மீ. இறக்கம் என்றால் 250-ல் ஒரு பங்கு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் சிறிய வீடுகளுக்குச் சொல்லும் கணக்குப்படி, இந்த அளவில்தான் மனிதக் கண்ணுக்குச் சாய்வு தெரிய ஆரம்பிக்கும், கண்காணிக்கவும் தொடங்க வேண்டும். 100-ல் ஒரு பங்கு, அதாவது அதே 9 மீட்டரில் 90 மி.மீ. என்று வந்தால் சரிசெய்தே ஆக வேண்டிய நிலை.

இரண்டாவது கணக்கு வளைவு. வீடு முழுதும் ஒரே சீராகச் சாய்ந்தால் சுவர் விரிசல் விடாமலேயே இருக்கலாம், வளைந்தால்தான் சுவர் கிழியும். ஒரே கோட்டில் மூன்று புள்ளிகளை எடுங்கள். 8 மீட்டர் நீளத்தில் ஒரு முனை 0, மறுமுனை 6 மி.மீ. தாழ்வு, நடு 22 மி.மீ. தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். முனைகளை நேர்கோட்டால் இணைத்தால் நடு 3 மி.மீ. தாழ்வில் இருந்திருக்க வேண்டும். 19 மி.மீ. கூடுதலாக இறங்கியிருக்கிறது. 8000-ஐ 19-ஆல் வகுத்தால் 421. களிமண் மேல் நிற்கும் வீடுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய அமெரிக்காவின் டெக்சஸ் பொறியாளர்கள் வளைவுக்கு 360-ல் ஒரு பங்கு, சாய்வுக்கு 100-ல் ஒரு பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 421 என்பது வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. வெளியே போய்ச் சுவரின் செங்கல் வரிசையை அளந்துபாருங்கள். பூச்சு இல்லாத இடமாகப் பார்த்து, ஒரே வரிசையை வீட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே வாருங்கள். கொத்தனார் தரையை எப்படி விட்டிருந்தாலும் செங்கல் வரிசையை நூல் பிடித்துத்தான் கட்டியிருப்பார். தரையும் வரிசையும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தால் வீடே இறங்கியிருக்கிறது. வரிசை மட்டமாக இருந்து தரை மட்டும் சரிந்திருந்தால், ஒன்று தளம் போட்டபோதே அப்படிப் போட்டிருக்கிறார்கள், அல்லது தளத்துக்கு அடியில் கொட்டிய மண் அமுங்கியிருக்கிறது. எது என்று அடுத்த அறிகுறிகளில் பார்க்கலாம். முழுவதும் பூசிய வீடு என்றால் ஜன்னல் அடிக்கட்டைகளையும் குளியலறைச் சுவர் டைலின் கோடுகளையும் பாருங்கள். சமையலறை மேடை இன்னும் நல்லது. அதை மாட்டியவர் ரசமட்டம் வைத்துத்தான் மாட்டியிருப்பார். 2010-ல் மாட்டிய மேடை இப்போது 2 மீட்டருக்கு 8 மி.மீ. சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வு 2010-க்குப் பிறகு வந்தது. வீட்டுக்குள்ளேயே தேதி போட்ட சாட்சி.

கதவு இடிக்கிறது, அல்லது தானாகத் திறந்துகொள்கிறது

டர்பன் ஜனவரி ஈரத்தில் மரக்கதவு உப்பி இடிப்பது வருஷா வருஷம் நடப்பதுதான். கதவின் மேல் விளிம்புக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி சீராக இருந்தும் இடித்தால் மரம் உப்பியிருக்கிறது. ஒரு பக்கம் 2 மி.மீ., மறுபக்கம் 9 மி.மீ. என்று ஆப்பு வடிவில் இருந்தால் நிலையே கோணலாகிவிட்டது. கதவைச் சீவுவதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் தேதியோடு எழுதி வையுங்கள், சீவிவிட்டால் ஆதாரம் போய்விடும்.

ஸ்கர்டிங்குக்கு (சுவரடிப் பட்டைக்கு) கீழே இடைவெளி விழுகிறது

சுவர் நின்ற இடத்தில் நிற்க, தரை மட்டும் கீழே போகிறது என்று அர்த்தம். சரிவு மனைகளில் இதுதான் அடிக்கடி வரும், அதுவும் பள்ளத்துப் பக்க அறைகளில். சுவர்களுக்கு அஸ்திவாரம் ஆழமாகப் போயிருக்கும். தளமோ கொட்டிய மண்ணின் மேல் சும்மா படுத்திருக்கும். மண்ணை 15 சென்டிமீட்டர் 15 சென்டிமீட்டராகப் போட்டு இடித்து இறுக்கியிருக்க வேண்டும். ஒரே நாளில் லாரி லாரியாகக் கொட்டி மேலாக இடித்திருந்தால், உள்ளே தண்ணீர் போகும் ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் அமுங்கும்.

துடைப்பக் கட்டையின் அடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கு டொக்கு என்று வெற்றொலி வரும் இடத்தைச் சாக்பீஸால் சுற்றிவிடுங்கள். ஒரு டைல் மட்டும் ஒலித்தால் அடியில் பசை விட்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒலித்து, அளவிலும் அதே இடம் தாழ்வாக இருந்தால் தளத்துக்குக் கீழே மண் விலகியிருக்கலாம். இடைவெளியைச் சுவர் நெடுக அரை மீட்டருக்கு ஒன்றாக அளந்து எழுதுங்கள். சிலிக்கோன் அடைத்து மறைத்துவிடாதீர்கள், குறைந்தது அடுத்த அளவு எடுக்கும் வரைக்குமாவது.

இந்த மாதிரி இறக்கத்துக்கு அண்டர்பின்னிங் என்று யாராவது விலை சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். அண்டர்பின்னிங் சுவர் அஸ்திவாரத்துக்குச் செய்வது. இங்கே அஸ்திவாரம் இறங்கவில்லை, தளம்தான் இறங்கியிருக்கிறது. தளத்துக்கு அடியில் கலவை செலுத்துவதோ, தளத்தை உடைத்து மண்ணை இடித்துத் திரும்பப் போடுவதோதான் பேச வேண்டிய வேலை.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல்

விரிசல் மேலே அகலமா, கீழே அகலமா என்று பாருங்கள். மேலே அகலம் என்றால் பெரும்பாலும் வீட்டின் ஓரம் இறங்குகிறது அல்லது நடு எழும்புகிறது. கீழே அகலம் என்றால் நடு இறங்குகிறது. தரை அளவு வரைபடமும் இதையே சொல்கிறதா என்று ஒப்பிடுங்கள், இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகம் பாதி தீர்ந்தது. அகலம் 5 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாக அழகுப் பிரச்சினைதான். 5 முதல் 15 வரை கதவு ஜன்னல் இடிக்கும், மழைநீர் உள்ளே வரும். 15-க்கு மேல் சுவரின் ஒரு பகுதியை இடித்துக் கட்ட வேண்டிவரலாம், 25-க்கு மேல் போனால் உறுதியே சந்தேகம். விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்குரூ இறக்கி, நடுத் தூரத்தை வெர்னியர் காலிப்பரால் மாதம் ஒரு தடவை அளந்துவாருங்கள்.

நடுவில் மேடு, அல்லது ஒரே ஒரு இடத்தில் பள்ளம்

இங்கே மண் என்ன என்று தெரியாமல் தரை அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் கரிசல் என்போமே, அந்தக் குணமுள்ள களிமண் இந்த நாட்டிலும் நிறைய இருக்கிறது. 1950களில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் தங்கச் சுரங்க ஊர்களான வெல்கம், ஒடென்டால்ஸ்ரஸ் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகள் எழும்பி வெடித்தபோதுதான் மண் பொறியாளர் ஜெனிங்ஸ் போன்றவர்கள் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். காய்ந்த களிமண்ணின் மேல் வீடு வந்ததும் வீட்டுக்கு அடியிலிருந்து ஈரம் ஆவியாகிப் போக முடியாது. வருஷக் கணக்கில் ஈரம் சேர்ந்து நடுப்பகுதி உப்பும். அளவில் நடு உயரம், ஓரம் தாழ்வு என்று வரும். வீட்டை ஒட்டிப் பெரிய மரம் நின்றால் அந்த மூலை மட்டும் காய்ந்து இறங்கும். அதற்காக மரத்தை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள், வேர் உறிஞ்சுவது திடீரென நின்றால் அதே களிமண் திரும்ப உப்ப ஆரம்பிக்கும்.

டர்பனில் பெரியா (Berea) மேட்டிலும் பிளஃப் பகுதியிலும் இருக்கும் செம்மணல் நேர் எதிர். காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும், ஈரமும் பாரமும் சேர்ந்தால் உள்ளே மணிகளைப் பிடித்திருக்கும் களிப்பிணைப்பு விட்டுப்போய்த் திடீரென்று அமுங்கும். இதனால் தரைக்கு அடியில் குழாய் ஒழுகினால் களிமண்ணில் மேடு வரும், செம்மணலில் பள்ளம் வரும். ஒரே நோய்தான்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, டாய்லெட் தொட்டியும் நிரம்பிய பிறகு, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்காமல் இருங்கள். எண் நகர்ந்தால் ஒழுகுகிறது. நகரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று விட்டுவிடாதீர்கள். கழிவுநீர்க் குழாய் மீட்டருக்குப் பிந்தியது, அது ஒழுகினால் மீட்டருக்குத் தெரியாது, பிளம்பரிடம் கேமரா விடச் சொல்ல வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது என்றும் பாருங்கள். சுவரடியிலேயே கொட்டும் வீடுகள் எத்தனையோ, பலருக்கு அதுதான் நோயின் மூலம்.

பின்னால் கட்டிய அறை பிரிகிறது

ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் பழைய கவுன்சில் (மாநகராட்சி கட்டிய) வீட்டோடு ஓர் அறையோ, வாடகைக்கு விட ஓர் அவுட்பில்டிங்கோ சேர்க்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய வீடு இறங்க வேண்டியதையெல்லாம் எப்போதோ இறங்கி முடித்திருக்கும். புது அறை இப்போதுதான் ஆரம்பிக்கும், அதன் அஸ்திவாரம் அநேகமாக ஆழமும் குறைவு. இரண்டும் சேரும் இடத்தில் நேர்குத்தாக விரிசல் விழும். இரண்டையும் ஒரே வீடாக வைத்துச் சாய்வு கணக்குப் போட்டால் குழம்பிவிடும், தனித்தனியே கணக்குப் போடுங்கள். விரிசல் மேலும் கீழும் ஒரே அகலமாக இருந்து, புது அறையின் தரையும் மட்டமாக இருந்தால் அவ்வளவு கவலையில்லை. அந்த இணைப்பைச் சிமென்டால் பூசாமல் இழுபடும் சீலன்ட் வைத்து விட்டுவிடலாம். புது அறை வெளிப்பக்கம் சாய்ந்து, மேலே விரிசல் அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு கதை.

டைல் பட்டென்று கிளம்பிக் கூடாரம் மாதிரி நிற்பது பெரும்பாலும் அஸ்திவாரக் கோளாறு இல்லை. டைல் வெப்பத்திலும் ஈரத்திலும் நீளும்போது ஓரத்தில் இடம் விடாமல் சுவரோடு ஒட்டிப் போட்டதால் வருவது. அடியில் உள்ள கான்கிரீட்டை அளந்து பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். பழைய மரமும் தகரமுமான வீடுகளில் மரத்தரை தொங்கினால் முதலில் அடியில் தவழ்ந்து போய்க் கறையானும் உளுத்த உத்திரமும் பாருங்கள், மண்ணைப் பற்றிய சந்தேகம் அப்புறம்.

முற்றத்தில் விரிசல், தடுப்புச்சுவர் சாய்கிறது

வீட்டுக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் பள்ளத்துப் பக்க முற்றத்தில் சரிவுக்குக் குறுக்கே நீளமாக விரிசல் விழுந்திருக்கிறது, வேலிக் கம்பங்கள் கீழ்நோக்கிச் சாய்கின்றன என்றால் தரை அளவை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இங்கே நகர்வது வீட்டோடு சேர்த்துச் சரிவே. 2022 ஏப்ரலில், டர்பன் இருக்கும் க்வாசூலு-நடால் மாகாணத்தில் கொட்டிய மழையிலும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றனவா பாருங்கள், தூக்குக்குண்டு கட்டி மேலிருந்து கீழே எவ்வளவு சாய்வு என்று குறியுங்கள். விரிசல் புதிதாகத் திறந்திருந்து மழையும் விடாமல் பெய்தால் அந்தப் பக்க அறைகளில் படுக்காதீர்கள்.

கௌட்டெங் மாகாணத்தில் வட்டமாகப் பள்ளம்

செஞ்சூரியன், கார்ல்டன்வில், கூட்சொங், லெனேசியாவின் சில பகுதிகள் டோலமைட் பாறையின் மேல் இருக்கின்றன. தண்ணீர் அந்தப் பாறையைக் கரைத்துக் குகையாக்கும், மேல்மண் அதற்குள் இறங்கும். 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரீஃபொன்டெய்ன் சுரங்கத்தில் கல் உடைக்கும் ஆலை ஒன்று அப்படியே புதைகுழிக்குள் போய் 29 பேர் இறந்தார்கள். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தியதுதான் அங்கே காரணம். வீட்டுமனைகளில் பெரும்பாலும் ஒழுகும் குழாய்தான் தூண்டிவிடும். இந்தப் பகுதிகளில் தரையிலோ முற்றத்திலோ வட்டமான பள்ளமும் வளைவான விரிசல்களும் சில நாட்களுக்குள் வந்தால் டியூப் லெவலைத் தொடாதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் தண்ணீரை மீட்டரிலேயே மூடிவிட்டு மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது அளவு எப்போது

க்வாசூலு-நடாலிலும் கௌட்டெங்கிலும் கோடை மழை. மண் ரொம்பக் காய்ந்திருப்பது குளிர்காலம் முடியும் ஆகஸ்ட், செப்டம்பரில். ஈரம் சேர்ந்திருப்பது மார்ச்சில். புரட்டாசிக்கு வீடு ஒழிக்கும்போது ஒரு தடவை, பங்குனி உத்திரத்தை ஒட்டி ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. புரட்டாசி அளவையும் பங்குனி அளவையும் ஒப்பிட்டால் பருவத்துக்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரியும். புரட்டாசியை அடுத்த புரட்டாசியோடு ஒப்பிட்டால்தான் திரும்பி வராத இறக்கம் தெரியும். கையால் அளப்பதில் 3 மி.மீ. வரை வரும் மாற்றத்தை விட்டுவிடுங்கள், அது அளவின் பிசகு. ஒரே மூலை ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில் 5, 6 மி.மீ. போனால் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம். விரிசல் அடைப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் போட்டோவும் அளவும் எடுத்த பிறகு.

கூப்பிடும் பொறியாளர் தென்னாப்பிரிக்கப் பொறியியல் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. வீட்டை நிமிர்த்தும் வேலையை விற்கும் ஆளிடமே நோயைக் கேட்காதீர்கள், பொறியாளருக்குத் தனியாகக் காசு கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். புது வீடு என்றால் தேசிய வீடு கட்டுவோர் பதிவுக் கவுன்சிலின் உத்தரவாதத்தில் பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 5 வருஷம் உண்டு. கூரை ஒழுக்குக்கு ஒரு வருஷம், சில்லறைக் குறைகளுக்கு 3 மாதம்தான். குறையை முதலில் கட்டியவருக்கே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், அதனால் நாலாவது வருஷத்தில் சந்தேகம் வந்தால் அடுத்த பங்குனி வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் அளவோடேயே எழுதிப் போட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் வைத்திருந்தால் நிலம் இறங்குவதற்கான பகுதியைத் தேடிப் படியுங்கள். மெதுவாக நடந்த இறக்கத்தையும் சரியாக இடிக்காத மண்ணையும் விலக்கி வைக்கும் பாலிசிகள் நிறைய. அங்கே, எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்கு உங்கள் தேதி போட்ட தாள்தான் பதில் சொல்லும்.